இந்த உணவு எங்கிருந்து வந்தது?

(பொதுக்காலம் 33ஆம் ஞாயிறு – மூன்றாம் ஆண்டு – வறியோர் உலக நாள்)



இன்றைய நற்செய்தியில் சிலர் எருசலேம் கோவிலைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கல்லின் அழகைப் பேசுகிறார்கள். பக்தர்கள் நேர்ந்து கொடுத்த பொருள்களின் மினுமினுப்பைப் பேசுகிறார்கள். பெரிய ஏரோது கி.மு. 20ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிவைத்த திருப்பணி அது. பல பத்தாண்டுகளாகக் கட்டிக்கொண்டே இருந்தார்கள். கலிலேயாவின் மீன்பிடி ஊர்களிலிருந்து நடந்து வந்தவர்களுக்கு அந்தச் சுவர்கள் எப்படித் தெரிந்திருக்கும்! வியந்து நின்றார்கள் என்றால் அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

ஆனால் இயேசு அவர்களோடு சேர்ந்து வியக்கவில்லை. இவை எல்லாம் தரைமட்டமாகும் நாள் வரும் என்கிறார். கி.பி. 70இல் உரோமைப் படை அதைச் செய்து முடித்தது. ஏன் அவர் வியக்கவில்லை? இன்று நாம் வாசித்த பகுதிக்கு நேர் முன்னால் உள்ள நான்கு வசனங்களை வீட்டுக்குப் போய் எடுத்துப் பாருங்கள். ஓர் ஏழைக் கைம்பெண் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போடுகிறார். அவருடைய பிழைப்புக்கு இருந்ததே அவ்வளவுதான். அதற்கும் முன்னால், 20ஆம் அதிகாரத்தின் கடைசியில், கைம்பெண்களின் வீடுகளைப் பிடுங்கிக்கொண்டு நீளமாகச் செபம் சொல்பவர்களைப் பற்றி இயேசு எச்சரிக்கிறார். பறிபோன வீடு, இரண்டு காசு, அழகான கல். லூக்கா இந்த மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருக்கிறார். சுற்றிப் பார்க்க வந்தவர்களின் கண்ணில் பட்டது மூன்றாவது மட்டும். முதல் இரண்டும் இயேசுவின் கண்ணை விட்டு அகலவில்லை.

நாளை, நவம்பர் 17, ஹங்கேரி நாட்டுப் புனித எலிசபெத்தின் திருநாள். திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் ஏற்படுத்திய வறியோர் உலக நாள் இந்த 33ஆம் ஞாயிறன்று வருவதால், ஒவ்வோர் ஆண்டும் அது எலிசபெத்தின் திருநாளை ஒட்டியே அமைந்துவிடுகிறது. நம் பங்கில் உள்ள பிரான்சிஸ்கன் மூன்றாம் சபைச் சகோதர சகோதரிகளுக்கு அவர் பாதுகாவலி. படங்களில் அவரைப் பார்த்திருப்பீர்கள்: தலையில் கிரீடம், மடி நிறைய ரோஜா. அவர் வாழ்ந்த கோட்டை இன்றும் இருக்கிறது. உலகெங்கிலுமிருந்து மக்கள் வந்து சீட்டு வாங்கிச் சுற்றிப் பார்க்கிறார்கள். ஜெர்மனியில் படித்த காலத்தில் மற்ற குருக்களோடு நானும் போனேன். அந்தக் கோட்டையை வைத்துத்தான் இன்றைய வாசகங்களை உங்களோடு தியானிக்க விரும்புகிறேன்.

துரிங்கியா மாநிலத்தில் ஐசனாக் என்று ஓர் ஊர். இசை மேதை பாக் 1685இல் பிறந்த ஊர். அதற்கு மேலே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்தில், வார்ட்புர்க் கோட்டை நிற்கிறது. காட்டுக்குள் ஏறும் வழி. கடைசிப் பகுதி நல்ல செங்குத்து. ஒரு காலத்தில் கோட்டைக்கு வேண்டிய சுமைகளைக் கழுதைகள்தான் இந்த வழியாக ஏற்றிச் சென்றன. இன்றும் கோட்டைக்குச் சற்றுக் கீழே கழுதைகள் நிற்கின்றன, குழந்தைகளைச் சவாரி ஏற்றிப் போவதற்காக. மேலே போய்ச் சேர்ந்ததும் தூக்குப்பாலம், வாயில், முற்றம். முற்றத்தில் குழுவாகச் சேர்த்து, வழிகாட்டி ஒருவர் உள்ளே அழைத்துப் போகிறார்.

கோட்டை பிறந்த கதையை அவர் முதலில் சொன்னார். லூட்விக் என்ற பிரபு 1067இல் இந்தக் குன்றைப் பார்த்து ஆசைப்பட்டாராம். குன்று அவருடையதில்லை. ஆகவே தன் நிலத்து மண்ணைக் கூடை கூடையாகச் சுமக்கச் செய்து உச்சியில் கொட்டினாராம். வழக்கு வந்தபோது பன்னிரண்டு வீரர்கள் அந்த மண்ணில் வாளை ஊன்றி, எங்கள் தலைவரின் சொந்த மண்ணில்தான் நிற்கிறோம் என்று சத்தியம் செய்தார்களாம். குழுவில் எல்லாரும் சிரித்தார்கள். செவிவழிக் கதைதான், அப்படியே நடந்ததாக யாரும் சொல்வதில்லை. இருந்தாலும், அடிக்கல்லிலேயே 'இது யாருடையது?' என்ற கேள்வி ஒட்டிக்கொண்டிருக்கும் கோட்டை அது. அந்தக் கேள்வியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாத ஒரு பெண் பிற்பாடு அங்கே மருமகளாக வந்து சேர்ந்தார்.

எலிசபெத் 1207இல் பிறந்தார். ஹங்கேரி மன்னர் இரண்டாம் ஆந்திரேயாவின் மகள். நான்கு வயதில், 1211இல், தாய்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு, துரிங்கியாக் கோமகனின் வீட்டில் வருங்கால மருமகளாக வளர்க்கப்பட்டார். அவருக்கென்று பேசி வைத்திருந்த மூத்த மகன் இறந்துபோனான். பிறகு 1221இல், பதினான்கு வயதில், அடுத்த மகன் லூட்விக்கை மணந்தார். பெரியவர்கள் அரசியலுக்காக முடித்த திருமணம்தான். ஆனாலும் அந்த இருவரும் ஒருவரையொருவர் உயிராக நேசித்தார்கள் என்று அவர்களோடு வாழ்ந்தவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். புனிதர்களின் கதைகளில் இல்லறம் பெரும்பாலும் தடைக்கல்லாகவே சொல்லப்படுகிறது. இங்கே அப்படி இல்லை. இங்கே கூடியிருக்கும் கணவன் மனைவியர் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாலாஸ் என்று அழைக்கப்படும் பிரதான மாளிகைக்குள் நுழைந்தோம். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டி முடித்தது. தடித்த சுவர்கள், அரைவட்ட வளைவுகள், செதுக்கு வேலை நிறைந்த தூண்தலைகள். எலிசபெத் நடமாடிய காலத்தில் இருந்த அதே கட்டடம். வீரர் கூடத்தைப் பார்த்தோம். அடுத்தது உணவுக்கூடம். அங்கே என் கால் நின்றுவிட்டது. வழிகாட்டி உத்தரத்தைக் காட்டினார், கணப்பைக் காட்டினார். என் மனமோ, இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம்பெண் பசியோடு உட்கார்ந்திருந்ததை நினைத்துக்கொண்டிருந்தது.

அந்தச் செய்தி எங்கிருந்து கிடைக்கிறது? எலிசபெத் இறந்த பிறகு, அவருக்குப் புனிதர் பட்டம் வழங்குவதற்காக விசாரணை நடந்தது. அவரோடு வாழ்ந்த நான்கு பெண்கள், சிறுவயதுத் தோழிகளும் பிற்காலத்துப் பணிப்பெண்களும், தாங்கள் கண்டதைச் சொன்னார்கள். அந்தச் சாட்சியம் எழுத்தில் இருக்கிறது. புதுமைகளைவிட அன்றாட வாழ்க்கையே அதில் அதிகம். அதில்தான் இந்த உணவு விஷயம் வருகிறது.

கோட்டையின் சமையலறைக்கு வந்த பொருளெல்லாம் ஒரே வகையில் வந்ததல்ல. கோமகனின் சொந்த நிலத்தில் விளைந்தது ஒரு பகுதி. அதிகாரிகள் குடியானவர்களிடம் வரிக்கு மேல் வரியாக வாங்கியது, மிரட்டிப் பிடுங்கியது இன்னொரு பகுதி. அந்தக் காலத்தில் எல்லாப் பிரபுக்களின் வீட்டிலும் இப்படித்தான் நடந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எலிசபெத்தின் ஆன்ம குரு கொன்ராட் அவருக்கு ஒரு கட்டளை கொடுத்தார்: நியாயமாக வந்தது என்று மனசாட்சி உறுதியாகச் சொல்லாத எதையும் உண்ணக் கூடாது. எலிசபெத் அந்தக் கட்டளையை உயிர்மூச்சாக எடுத்துக்கொண்டார். தட்டு வந்தவுடன் விசாரிப்பார். இந்த இறைச்சி எங்கிருந்து வந்தது? இந்த மது யாருடைய தோட்டத்தது? பணியாளர்களிடம் கேட்பார், பொறுப்பாளர்களிடம் கேட்பார். உணவு தவறான வழியில் வந்தது, மது மட்டும் சொந்தத் தோட்டத்தது என்று தெரிந்தால், இன்று நமக்குக் குடிக்க மட்டும்தான் என்று தோழிகளிடம் சொல்வார். சில நாள் நேர்மாறாக, உண்ண மட்டும். இரண்டுமே நியாயமானவை என்று தெரிந்தால் சின்னப்பிள்ளைபோலக் கைதட்டி மகிழ்வார். இரண்டுமே இல்லாத நாளும் உண்டு. விருந்தினர் நிறைந்த பந்தியில், கணவரின் பக்கத்தில் உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்து, கிண்ணங்களை அங்குமிங்கும் நகர்த்தி, சாப்பிடுவதுபோலக் காட்டிக்கொண்டு பசியோடு எழுந்திருப்பார்.

இந்தக் காட்சியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அவர் யாரையும் பந்தியில் வைத்து அவமானப்படுத்தவில்லை. தான் உத்தமி என்று காட்டிக்கொள்ளவில்லை. கணவரின் மதிப்பும் குலையக் கூடாது, ஏழையின் சோறும் தன் தொண்டைக்குள் இறங்கக் கூடாது. இரண்டையும் காக்க வேண்டும். அதற்கு விலையாகத் தன் பசியைக் கொடுத்தார். லூட்விக் அதை அறிந்திருந்தார், தடுக்கவும் இல்லை. வீட்டார் என்ன பேசுவார்களோ என்ற அச்சம் மட்டும் இல்லையென்றால் நானும் அப்படியே செய்வேன் என்று தோழிகளிடம் சொன்னாராம். அது ஒரு நல்ல மனிதரின் நேர்மையான வாக்குமூலம். நம்மில் எத்தனையோ பேர் நிற்கும் இடமும் அதுதான்: சரி எது என்று தெரியும், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயமும் இருக்கும்.

உணவுக்கூடத்தை அடுத்து எலிசபெத்தின் பெயரால் அழைக்கப்படும் அறை. எங்கள் குழுவில் இருந்தவர்கள் அதிகம் படம் எடுத்த இடம் அது. கூரையும் வளைவுகளும் முழுவதும் பொன்னிறக் கண்ணாடித் துண்டுகளால் இழைத்தவை. ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்லியம் செய்வித்து, 1902 முதல் 1906 வரை நடந்த வேலை. எலிசபெத்தின் வாழ்க்கை முழுவதும் அங்கே தங்கமாய் மின்னுகிறது. கலைஞர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் என் மனம் அந்த அறையில் ஒட்டவில்லை. தன் நகைகளை விற்று ஏழைகளுக்குக் கொடுத்த பெண்ணின் வாழ்க்கையைச் சொல்ல அந்தத் தங்கத்தால் முடியவில்லை. அதைச் செய்வித்த பேரரசரும் பன்னிரண்டே ஆண்டுகளில், 1918இல், அரியணை இழந்து நாட்டை விட்டுப் போனார்.

மேல்தளத்தில் ஒரு நீண்ட நடைக்கூடம். அதன் சுவரில் மோரிட்ஸ் ஃபான் ஷ்விண்ட் என்ற ஓவியர் 1854, 1855 ஆண்டுகளில் எலிசபெத்தின் கதையை வரைந்திருக்கிறார். இரக்கச் செயல்கள் ஏழும் வட்டவட்டமாக இருக்கின்றன: பசித்தவருக்கு உணவு, தாகமுற்றவருக்குத் தண்ணீர் என்று வரிசையாக. ரோஜாக் காட்சியும் உண்டு. எலிசபெத் ஏழைகளுக்கு ரொட்டி எடுத்துக்கொண்டு மலையிறங்கும்போது, கணவர் வழிமறித்து என்ன அது என்று கேட்க, போர்வையை விரித்தால் உள்ளே ரோஜாப் பூக்கள். நம் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் நான் சொன்ன அந்த நான்கு பெண்களின் சாட்சியத்தில் இது இல்லை. பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. வேறு புனிதர்களைப் பற்றியும் இதே கதை சொல்லப்படுகிறது. பக்திக்கு அழகாக இருக்கலாம். ஆனால் அந்த நல்ல கணவரைச் சந்தேகக்காரராக ஆக்கிவிடுகிறது. ரொட்டி ரொட்டியாகவே ஏழையின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. எனக்கு அதுதான் பெரிய புதுமை.

எப்படிப் போய்ச் சேர்ந்தது? 1226இல் கடும் பஞ்சம். லூட்விக் பேரரசருக்குத் துணையாக இத்தாலிக்குப் போயிருந்தார். பத்தொன்பது வயது எலிசபெத் கையில் நாடு இருந்தது. அவர் களஞ்சியங்களைத் திறந்தார். நகைகளை விற்றார். கோட்டைக்குக் கீழே, மலைச்சரிவில், 28 நோயாளிகள் தங்க ஒரு மருத்துவ இல்லம் அமைத்தார். செங்குத்தான வழியில் நாள்தோறும் இறங்கிப் போய்த் தன் கையால் அவர்களைப் பராமரித்தார். இன்று அந்த இடம் மரங்களுக்கிடையே அமைதியாக இருக்கிறது. கோட்டைச் சுற்றுலாவில் அது சேராது. நீங்களாகத் தேடிப் போனால் உண்டு. லூட்விக் திரும்பி வந்ததும் அதிகாரிகள் ஓடிப்போய்ப் புகார் செய்தார்கள்: அம்மையார் எல்லாவற்றையும் வாரிக் கொடுத்துவிட்டார். அவர் அதைப் பெரிதுபடுத்தவே இல்லை. வார்ட்புர்க், நொய்யன்புர்க் கோட்டைகள் இரண்டும் என் கையில் இருந்தால் போதும், அவள் விருப்பம்போல் கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

இன்னொன்றையும் செய்தார் எலிசபெத். அறுவடைக் காலம் வந்ததும், உடலில் தெம்புள்ளவர்களுக்குக் கதிர் அரிவாளும், சட்டையும், வயலில் தாள் குத்தாமல் இருக்கக் காலணியும் கொடுத்து, போய் உழைத்துச் சாப்பிடுங்கள் என்று அனுப்பினார். இன்றைய இரண்டாம் வாசகத்தை நினைத்துப் பாருங்கள். திருத்தூதர் பவுல் தெசலோனிக்க மக்களுக்கு எழுதும்போது, நாங்கள் யாருடைய உணவையும் இலவசமாக உண்ணவில்லை, இரவும் பகலும் பாடுபட்டோம் என்கிறார். உழைக்க மனமில்லாதவர் உண்ணவும் வேண்டாம் என்கிறார். அந்தக் கடைசி வாக்கியத்தை ஏழைகளை நோக்கி வீசும் கல்லாகப் பலர் பயன்படுத்துகிறார்கள். எலிசபெத் அதை வேறு விதமாகக் கேட்டார். உழைக்கச் சொல்லுமுன் கையில் அரிவாள் இருக்கிறதா, காலில் செருப்பு இருக்கிறதா என்று பார்த்தார். இன்னும் முக்கியமாக, அந்த வாக்கியத்தை முதலில் தன் தட்டுக்குப் பொருத்திப் பார்த்தார். உழாமல், நடாமல், அறுக்காமல் உண்டவர்கள் குன்றின் அடியில் இல்லை; உச்சியில்தான் இருந்தார்கள்.

1227இல் லூட்விக் சிலுவைப் போருக்குப் புறப்பட்டார். செப்டம்பர் 11 அன்று, தென் இத்தாலியின் ஒத்ரான்தோவில், காய்ச்சலால் இறந்தார். எலிசபெத்துக்கு இருபது வயது. மூன்றாவது குழந்தை அதன்பின் சில வாரங்களிலேயே பிறந்தது. ஆட்சி கணவரின் தம்பி கையில் போனது. அந்தக் குளிர்காலத்தில் எலிசபெத் கோட்டையை விட்டு இறங்கினார். துரத்தப்பட்டார் என்று ஓவியங்கள் காட்டுகின்றன. சாட்சியம் சொல்வது இன்னும் ஆழமானது. கொழுந்தனாரின் வீட்டில் சாப்பாட்டுக்குக் குறை இருந்திருக்காது. ஆனால் ஏழைகளைக் கசக்கிப் பிழிந்து வந்த உணவில் உயிர் வாழ அவருக்கு மனம் ஒப்பவில்லை. கணவர் இருந்தவரை சொந்த நிலத்து விளைச்சல் என்று ஒரு பங்கு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. தட்டைப் பார்த்துக் கேட்ட ஒரு கேள்விதான் ஓர் இளவரசியை மலையை விட்டு இறக்கியது.

அன்றிரவு ஐசனாக்கில் ஒரு சத்திரத்துப் பன்றிக் கொட்டிலில் தங்கினார். நள்ளிரவில் பிரான்சிஸ்கன் சகோதரர்களின் ஆலயத்துக்குப் போய், இறைவனுக்கு நன்றிப் பாடல் பாடும்படி கேட்டார். கணவனை இழந்து, வீட்டை இழந்து நிற்கும் பெண் நன்றிப் பாடல் கேட்கிறார்! தொண்டையில் இறங்காமல் நின்ற ஏதோ ஒன்று அன்று கரைந்துபோயிருக்க வேண்டும். ஊரில் அவரை ஏற்றுக்கொள்ளப் பலரும் அஞ்சினார்கள். சேறு நிறைந்த குறுகலான தெருவில், முன்பு அவரிடம் உதவி பெற்ற ஒரு மூதாட்டியே வழிவிட மறுக்க, எலிசபெத் சேற்றில் விழுந்தார். சிரித்துக்கொண்டே எழுந்து துணியைக் கழுவிக்கொண்டாராம்.

பிறகு 1228இல் மார்புர்க்கில் புனித பிரான்சிஸ் பெயரால் மருத்துவமனை தொடங்கி, தொழுநோயாளரையும் கைவிடப்பட்டவரையும் பராமரித்தார். துறவிகளின் மடம் ஒன்றிலிருந்து கம்பளி வாங்கி, கூலிக்கு நூல் நூற்றார். அந்தக் கூலியில் சாப்பிட்டார். 1231 நவம்பரில், 24 வயதில் இறந்தார். நான்கே ஆண்டுகளில், 1235இல், திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி அவரைப் புனிதர் என்று அறிவித்தார். கொன்ராட் என்ற அந்த ஆன்ம குருவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவர் எலிசபெத்தை அடித்தார். உயிர்த்தோழிகளை அவரிடமிருந்து பிரித்தார். ஒரு குருவாக இதைச் சொல்ல எனக்கு வேதனையாக இருக்கிறது. புனிதர் ஒருவர் அதைத் தாங்கிக்கொண்டார் என்பதால் அது சரியாகிவிடாது. உங்கள் வீட்டுப் பெண்களிடமோ பிள்ளைகளிடமோ யாரும், எந்தப் புனிதப் பெயரைச் சொல்லியும், அப்படி நடந்துகொள்ள உரிமை இல்லை.

சுற்றுலாவின் கடைசியில் எல்லாரும் விரும்பிப் போகும் ஓர் அறை உண்டு. எலிசபெத்துக்கு முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், 1521 மே மாதம் முதல் மறு ஆண்டு மார்ச் வரை, மார்ட்டின் லூத்தர் இந்தக் கோட்டையில் ஒளிந்திருந்தார். சில வாரங்களிலேயே புதிய ஏற்பாடு முழுவதையும் அங்கே ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்தார். அவருடைய வழியில் வந்த சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். நம் பிரிந்த சகோதரர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். மரச்சுவர் அடைத்த அந்தச் சிறிய அறையில் நின்றபோது, கைம்பெண்ணின் இரண்டு காசும் பவுலின் உழைப்பும் இதே குன்றில்தானே சாதாரண மக்களின் மொழியில் எழுதப்பட்டன என்று நினைத்துக்கொண்டேன். மக்கள் அதைத் தங்கள் மொழியில் படித்தபின், கோட்டைகளைப் பார்க்கும் கண்ணும் மாறத்தானே வேண்டும்?

சரி, நம்மிடம் கோட்டை இல்லை. ஆனால் சாப்பாட்டுத் தட்டு இருக்கிறது. எலிசபெத் கேட்ட கேள்வியை நாமும் கேட்கத்தான் செய்கிறோம். மீன் பிடித்து எத்தனை நாள் ஆயிற்று? காய்க்கு மருந்து அடித்தார்களா? எண்ணெயில் கலப்படம் உண்டா? இவை நம் உடம்புக்காகக் கேட்கும் கேள்விகள். கேட்க வேண்டியவைதான். எலிசபெத் கேட்டது அடுத்தவரின் உடம்புக்காக. இதை என் தட்டுக்குக் கொண்டுவர எவருடைய வயிறு காய்ந்தது என்று கேட்டார்.

நம் வீடுகளில் பாத்திரம் துலக்க, துணி துவைக்க ஒரு பெண் வருகிறார். மழை நாளில் வரவில்லை என்று சம்பளத்தைப் பிடிக்கிறோமா? பிடித்த அந்த இருநூறு ரூபாய் எங்கே போகிறது? நம் வீட்டுச் சோற்றில்தான் சேர்கிறது. அப்பா விட்டுப்போன நிலத்தில் அக்கா தங்கையின் பங்கை, சீர் செய்து அனுப்பியாயிற்றே என்று சொல்லி எழுதி வாங்கிக்கொள்கிறோம். அந்த நிலத்தில் விளைந்த நெல்லைப் பொங்கி, அதே சகோதரி விருந்துக்கு வரும்போது பரிமாறுகிறோம். அவர் சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போகிறார். அந்தச் சிரிப்பை நம்பாதீர்கள். கந்துவட்டிக்கு விடும் பணம் நம் ஊரில் யாருடைய வீட்டு அடுப்பை அணைத்தது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வந்து கோபப்பட்டேன், பொய் சொன்னேன், வெள்ளிக்கிழமை இறைச்சி உண்டேன் என்று சொல்கிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் பிறருடைய உழைப்பை உண்டேன் என்று சொல்கிறவர் அரிது. அந்தப் பாவத்துக்குப் பரிகாரம் மூன்று அருள்நிறை மரியே அல்ல. எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதுதான். சக்கேயு அதைத்தான் செய்தார்.

இந்தக் கேள்வி ஆலயத்துக்கும் உண்டு. இன்றைய நற்செய்தியே கோவிலைப் பற்றியது. நாமும் கோபுரம் கட்டுகிறோம், தேர் செய்கிறோம், கொடிமரத்துக்குப் பித்தளைக் கவசம் போடுகிறோம். கொடுத்தவர் பெயரைப் பளிங்கில் வெட்டி வைக்கிறோம். பெரிய தொகை வந்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. கேட்டால் அடுத்த முறை வராது என்ற பயம். பங்குப் பேரவையோடு இதைப் பேசியிருக்கிறேன், இங்கே எல்லார் முன்னிலையிலும் சொல்கிறேன்: பிறர் கண்ணீரிலிருந்து வந்தது என்று தெரிந்த பணம் இந்த ஆலயத்துக்கு வேண்டாம். அதைக் கொண்டுவருகிறவர் முதலில் யாரிடமிருந்து எடுத்தாரோ அவரிடம் போகட்டும். மணிக்கூண்டு வேலை ஓராண்டு தள்ளிப்போனால் போகட்டும். தினமும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து, மாதக் கடைசியில் பையோடு கொண்டுவந்து தரும் அம்மாமார்கள் இந்தப் பங்கில் இருக்கிறார்கள். அந்தப் பிடி அரிசி எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தேவையே இல்லை. அவர்கள் கை காய்ப்பைப் பார்த்தால் போதும். வின்சென்ட் தே பவுல் சபையினர் இன்று அந்த அரிசியைத்தான் பதினோரு குடும்பங்களுக்குக் கொண்டுபோகிறார்கள்.

இன்றைய நற்செய்தியின் பிற்பகுதியில் போர், நிலநடுக்கம், பஞ்சம், கொள்ளைநோய் எல்லாம் வருகின்றன. கோவில் இடியும் என்று சொன்னபோதே கேட்டவர்கள், இது எப்போது நடக்கும், அதற்கு அடையாளம் என்ன என்று கேட்டுவிட்டார்கள். இயேசு தேதி சொல்லவில்லை. ஏமாறாதீர்கள், மன உறுதியோடு நிலைத்திருங்கள் என்கிறார். எலிசபெத்தின் காலத்தில் பஞ்சம் உண்மையாகவே வந்தது. அவர் உலகம் முடிகிறதா என்று கணக்குப் பார்க்கவில்லை; எந்தக் களஞ்சியத்தின் சாவி தன்னிடம் இருக்கிறது என்று பார்த்தார்.

இன்னும் சற்று நேரத்தில் காணிக்கைப் பவனி வரும். அப்பத்தைக் கையில் எடுத்துக் குரு சொல்லும் செபத்தை இன்று கவனித்துக் கேளுங்கள். அந்த அப்பம் எங்கிருந்து வந்தது என்பதைக் கடவுளின் முன்னிலையில் அறிவித்துவிட்டுத்தான் திருச்சபை அதைப் பீடத்தின் மேல் வைக்கிறது: நிலம் கொடுத்தது, மனிதரின் கைகள் உழைத்தன. திராட்சை இரசத்துக்கும் அப்படியே. வழக்கமாகப் பாடல் ஒலியில் அந்தச் செபம் உங்கள் காதில் விழாது. இன்று பாடற்குழுவைப் பாட வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். உரக்கச் சொல்வேன், நீங்களும் உரக்கப் பதில் சொல்லுங்கள். இப்போது எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.